எண்ணூர் முகத்துவாரத்தில் செங்குத்து அச்சு டர்பைன் வைத்தால் மின்சாரம் வருமா?

எண்ணூர் முகத்துவாரத்தில் ஓதத்தோடு, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு, தண்ணீர் உள்ளே ஏறி வெளியே இறங்குகிறது, அங்கே செங்குத்துத் தண்டைச் சுற்றி மூன்று பிளேடு சுழலும் டேரியஸ் டர்பைன் ஒன்றை நிறுத்திக் குப்பத்துத் தெருவிளக்குகளை எரிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மீட்டர் விட்டத்தில் செய்தால் எத்தனை வாட் வரும், டேரியஸா, பிளந்த டிரம் வடிவச் சவோனியஸா என்பவை கூடவே வந்த கேள்விகள். இறுதியாண்டு புராஜெக்ட் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் விடை ஒரே எண்ணில் இருக்கிறது: அந்த இடத்தில் தண்ணீர் வினாடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது? அது தெரியாமல் பிளேடு வடிவத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சுருக்கமாகச் சொன்னால், விளக்கு எரிவதுதான் நோக்கம் என்றால் சென்னைக் கரையில் இதை நம்பி இறங்க வேண்டாம். டர்பைனைக் கற்பதுதான் நோக்கம் என்றால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் சோதிக்கும் முறையை மாற்ற வேண்டும். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

ஓடும் தண்ணீரில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்பிலும் ஓடுவது 512 வாட். வேகம் 2 மீட்டரானால் 4,100 வாட். அரை மீட்டரானால் வெறும் 64 வாட். திறந்த ஓட்டத்தில் எந்த டர்பைனும் இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது, இது பெட்ஸ் வரம்பு. நன்றாகச் செய்த சிறிய டேரியஸ் 30 சதவீதம் எடுத்தால் மகிழ்ச்சியடையலாம். ஆக, 1 மீட்டர் விட்டம், 1 மீட்டர் உயரம் உள்ள உங்கள் டர்பைன் 1 மீட்டர் வேகத்தில் ஷாஃப்டில் ஏறத்தாழ 150 வாட் தரும். வேகத்தைக் கூட்டும் பல்சக்கரம், ஜெனரேட்டர், ரெக்டிஃபையர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு பேட்டரிக்கு 110 வாட் அளவில் போய்ச் சேரும். அதே டர்பைன் அரை மீட்டர் வேகத்தில், திறனும் சற்றுக் குறைவதால், ஷாஃப்டில் 16 வாட் தரும். நிமிடத்துக்கு 21 சுற்று, முறுக்குவிசை 7 நியூட்டன் மீட்டர். சீல், செயின், ஜெனரேட்டரின் காந்த இழுப்பு சேர்ந்து அதில் பாதியைத் தின்றுவிடும். நடைமுறையில் டர்பைன் நின்றுகொண்டிருக்கும்.

ஓத நீரோட்டம் எப்போதும் உச்சத்தில் இருக்காது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏறி, நின்று, திரும்பி ஓடும் ஒரு சுற்றின் சராசரி ஆற்றல், உச்ச ஆற்றலில் 42 சதவீதம்தான். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த நாள்களில் ஓட்டம் பலமாகவும், அஷ்டமியை ஒட்டிய நாள்களில் பாதியாகவும் இருக்குமானால் பதினைந்து நாள் சராசரி உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். பெரிய ஓதத்தில் உச்ச வேகம் 1 மீட்டரைத் தொடும் இடமே கிடைத்தாலும் நாளுக்கு அரை யூனிட்டைவிடச் சற்று அதிகம் கிடைக்கும். 20 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டை இரவு முழுக்க எரிக்க அது போதும். ஆனால் குப்பத்துக் கூரையில் ஒரே ஒரு 550 வாட் சோலார் பேனல் நாளுக்கு 2 யூனிட் அளவில் தரும், அதற்கு உப்புத்தண்ணீரில் யாரும் இறங்கவும் வேண்டாம். சேமிக்கும் நாள்களிலும் வித்தியாசம் உண்டு: சோலாருக்கு ஓரிரவுப் பேட்டரி போதும், இதற்கு அஷ்டமியைத் தாண்டப் பல நாள் பேட்டரி வேண்டும்.

இனி சென்னையின் தண்ணீரைப் பார்ப்போம். இங்கே ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. பெரிய ஓதத்திலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உயர வித்தியாசம் ஏறத்தாழ 1 மீட்டர், சிறிய ஓதத்தில் அதில் பாதிக்கும் கீழே. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் இது 11 மீட்டர் வரை போகும், கட்ச் வளைகுடாவில் 8 மீட்டர் வரை. நம் திறந்த கடலோரத்தில் ஓடும் தண்ணீரை ஓட்டுவது பெரும்பாலும் ஓதமே அல்ல. பருவக்காற்றும் வங்கக் கடலின் கரையோர ஓட்டமும்தான் அதைத் தள்ளுகின்றன. வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும் மீனவர்கள் பிரித்து அறிந்து, அதைப் பார்த்துத்தான் வலை விடுகிறார்கள். அந்த ஓட்டம் வாரக்கணக்கில் ஒரே பக்கம் போகும், புயல் நாள்களை விட்டுவிட்டால் வேகம் வினாடிக்கு அரை மீட்டரைத் தாண்டுவது அரிது. டர்பைனுக்கு அது போதாது.

முகத்துவாரத்தில் தண்ணீர் குறுகுவதால் வேகம் கூடும் என்ற உங்கள் எண்ணம் சரிதான். எவ்வளவு கூடும் என்பதைக் கையிலேயே கணக்குப் போடலாம். உள்ளே ஓதம் எட்டும் நீர்ப்பரப்பு 1 சதுர கிலோமீட்டர், அங்கே நீர்மட்டம் ஏறி இறங்குவது அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஏற்றத்திலும் உள்ளே போகும் நீர் 5 லட்சம் கன மீட்டர். முகத்துவாரம் 100 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 6 மணி 12 நிமிடத்தில் இந்த நீரெல்லாம் 200 சதுர மீட்டர் வழியாகப் போக வேண்டும். சராசரி வேகம் வினாடிக்கு 0.11 மீட்டர். உச்சம் அதைப்போல 1.57 மடங்கு, அதாவது 0.18 மீட்டர். உள்ளே நீர்ப்பரப்பு 5 சதுர கிலோமீட்டர் இருந்தால் உச்சம் 0.9 மீட்டருக்குப் போகும். எண்ணூருக்கான அளவுகளைச் செயற்கைக்கோள் படத்திலிருந்தும் ஆழ அளவிலிருந்தும் எடுத்து இதில் போட்டுப் பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் வண்டலும் படிந்து ஆழம் குறைந்திருக்கிறது, எனவே பழைய வரைபடத்து ஆழத்தை நம்பக் கூடாது.

கருவியே இல்லாமல் ஒரு முகத்துவாரத்தின் வேகத்தை ஊகிக்க இன்னொரு வழியும் உண்டு. கடற்கரைப் பொறியியலில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம், ஓதத்தின் பலத்தாலேயே தன்னைத் திறந்து வைத்துக்கொள்ளும் முகத்துவாரங்களில் உச்ச வேகம் ஏறத்தாழ 1 மீட்டராக இருக்கும் என்பது. அதைவிடக் குறைந்தால் அலை கொண்டுவந்து தள்ளும் மணலை வெளியே வாரிப்போட ஓட்டத்துக்குச் சக்தி இருக்காது, வாய் அடைபடும். அடையாறு முகத்துவாரமும் கோவளம் முகத்துவாரமும் மழைக்காலம் முடிந்ததும் மணல் மேடிட்டுக் குறுகுவதும், பொக்லைன் வைத்து வெட்டித் திறக்கப்படுவதும் எல்லோரும் பார்ப்பதுதான். அப்படி அடைபடும் வாய், வருடத்தின் பெரும்பகுதி தன் ஓட்டம் 1 மீட்டருக்குக் கீழே என்று தானே சொல்லிவிடுகிறது. வெள்ள நாள்களில் வேகம் பலமாக இருக்கும்தான். ஆனால் அது மழைநீர், அதோடு ஆகாயத்தாமரையும் மரக்கட்டையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வரும். அந்த நாள்களில் டர்பைன் தண்ணீரில் இருக்கவே கூடாது.

ஊகத்தோடு நிற்காமல் அளந்துவிடுங்கள். புராஜெக்டில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். கரையில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கழி நட்டு, முக்கால்பங்கு தண்ணீர் நிரப்பிய பாட்டிலை நடு ஓட்டத்தில் விட்டு, கடக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் ஆழத்தின் சராசரி வேகம் கிட்டும். அரை மணிக்கு ஒருமுறை, தொடர்ந்து 13 மணி நேரம் எடுத்தால் ஒரு முழு ஓதச் சுற்று கையில் இருக்கும். அமாவாசையை ஒட்டி ஒரு நாள், அஷ்டமியை ஒட்டி ஒரு நாள், இரண்டும் வேண்டும். காற்று பலமாக வீசும் பிற்பகலில் பாட்டில் காற்றோடு போய் ஏமாற்றும். துறையில் புரொப்பெல்லர் வகைக் கரண்ட் மீட்டர் இருந்தால் நீர்மட்டத்திலிருந்து ஆழத்தின் 0.2, 0.8 பங்கில் அளந்து சராசரி எடுங்கள். வேகத்தில் 10 சதவீதம் தவறினால் ஆற்றல் கணக்கில் 33 சதவீதம் தவறும் என்பதை ஒவ்வொரு அளவின்போதும் நினைவில் வையுங்கள்.

செங்குத்து அச்சு டர்பைன் ஏன் மனத்தை ஈர்க்கிறது என்பது புரிகிறது. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே திசையில் சுற்றும். ஜெனரேட்டரையும் கியர்பாக்ஸையும் நீர்மட்டத்துக்கு மேலே வைக்கலாம், இதுதான் இதன் மிகப் பெரிய சௌகரியம். ஆழம் குறைந்து அகலம் கூடிய இடங்களில் செவ்வக வடிவக் குறுக்குப் பரப்பு நன்றாகப் பொருந்தும். ஆனால் முதல் சௌகரியத்தை எல்லோரும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். காற்று எல்லாத் திசையிலிருந்தும் வரும், ஓதம் பெரும்பாலும் எதிரெதிர் இரண்டு திசையில்தான் வரும். கிடைமட்ட அச்சு டர்பைனின் பிளேடுகளைத் திருப்பி வைத்தே அதைச் சமாளித்துவிடுகிறார்கள்.

இதன் அடிப்படைச் சிக்கல் பிளேடு ஒரு சுற்றுக்குள் சந்திக்கும் கோண மாற்றத்தில் இருக்கிறது. பிளேடின் வேகத்தை நீரோட்ட வேகத்தால் வகுத்தால் வருவது முனைவேக விகிதம். அது 2 ஆக இருந்தால், தண்ணீர் பிளேடைத் தாக்கும் கோணம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் 30 பாகை வரையும் மறுபக்கம் 30 பாகை வரையும் ஆடும். விகிதம் 3 என்றால் 19.5 பாகை. டர்பைனே ஓட்டத்தைத் தடுத்து மெதுவாக்குவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். நாகா 0018 (NACA 0018) என்ற தரப்படுத்திய குறுக்குவெட்டு போன்ற சமச்சீர் வடிவம், நிலையான ஓட்டத்தில் 12 முதல் 15 பாகைக்குள் ஸ்டால் ஆகிவிடும், அதாவது உயர்த்தும் விசையை இழந்துவிடும். ஆகவே டேரியஸ் டர்பைன் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டாலுக்குள் போய்த் திரும்புகிறது. முறுக்குவிசை துடிப்பதும், ஓய்வு நிலையிலிருந்து தானாகக் கிளம்பத் தயங்குவதும், உலோகம் களைத்து விரிசல் விடுவதும் இங்கிருந்துதான் வருகின்றன. மூன்று பிளேடு, நிமிடத்துக்கு 42 சுற்று என்றால் ஷாஃப்ட் வினாடிக்கு இருமுறை வளைந்து நிமிரும். ஒரு நாளில் அது 1.8 லட்சம் முறை. வெல்டிங் வைத்த இடம் முதலில் உடைவதற்கு இதுவே காரணம்.

ஜார்ஜ் டேரியஸ் 1925-இல் பிரான்சில் காப்புரிமை கோரிய வடிவம் இது. கடலில் இதைப் பெரிதாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் மெசினா நீரிணையில் 2001-இல் இறக்கிய கோபோல்டு டர்பைன் 6 மீட்டர் விட்டமும் 5 மீட்டர் உயரப் பிளேடுகள் மூன்றும் கொண்டது. பிளேடுகள் தண்ணீர் அழுத்தத்துக்கு ஏற்பத் தாமே சிறிது திரும்பிக்கொள்ளும், அதனால் கிளம்புவதில் சிக்கல் இல்லை. 2 மீட்டர் வேகத்தில் 25 கிலோவாட் அளவில் தந்தது, மொத்தத் திறன் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே. அலெக்சாண்டர் கோர்லோவ் முறுக்கிய பிளேடு வடிவத்தைக் கொண்டுவந்தார். தென் கொரியாவின் உல்டோல்மோக் நீரிணையில் 2009-இல் அமைத்த 1 மெகாவாட் முன்னோடி நிலையத்தில் அந்த வகைதான் பயன்பட்டது. 1597-இல் யி சுன் சின் என்ற தளபதி அந்த ஓட்டத்தின் சீற்றத்தையே துணையாக்கி ஜப்பானியக் கப்பற்படையைத் தடுத்த இடம் அது. பிரான்சின் பைம்போல் பிரெஹா பகுதியில் ஹைட்ரோகுவெஸ்ட் நிறுவனம் 1 மெகாவாட் செங்குத்து அச்சு டர்பைனை 2019 முதல் 2021 வரை கடலடியில் ஓட்டியது. ஆனாலும் ஸ்காட்லாந்தின் மேஜென் போன்ற வணிக நிலையங்கள் 1.5 மெகாவாட் கிடைமட்ட அச்சு டர்பைன்களைத்தான் தேர்ந்தெடுத்தன. அவற்றின் திறன் 40 சதவீதத்தைத் தாண்டுகிறது, விசைத் துடிப்பு குறைவு, பிளேடைத் திருப்பி வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆழமான, வேகமான கடலில் இந்தப் போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பது என் கருத்து. ஆழமற்ற ஆறு, கால்வாய், தீவுக் கிராமம் போன்ற சின்ன இடங்களில் எது நீடித்து உழைக்கும் என்பது இன்னும் திறந்தே இருக்கும் கேள்வி. அங்கே நல்ல ஆய்வுக்கு நிறைய இடம் இருக்கிறது.

இந்தியாவில் ஓத மின்சாரத்துக்கு 12,455 மெகாவாட் வாய்ப்பு என்று 2014-இல் ஐஐடி மெட்ராஸும் கிரிசில் என்ற தரமதிப்பீட்டு நிறுவனமும் செய்த ஆய்வு சொல்வதை உங்கள் கேள்வியில் சுட்டியிருந்தீர்கள். அந்த எண் காம்பே, கட்ச் பகுதிகளையும் பெரிய காயல்களையும் வைத்து வந்தது, அணை கட்டி நீரைத் தேக்கும் முறையை மனத்தில் கொண்டது. திறந்த நீரோட்டத்தில் டர்பைன் நிறுத்துவதற்கு அதைச் சான்றாகக் காட்டக் கூடாது. உங்கள் அறிக்கையைப் படிக்கும் தேர்வாளர் முதலில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்.

சவோனியஸ் பற்றி: இரண்டாகப் பிளந்த டிரம்மை எதிரெதிராக வைத்த வடிவம். எந்த நிலையிலிருந்தும் பெரும்பாலும் கிளம்பிவிடும், எந்தப் பட்டறையிலும் செய்துவிடலாம். திறன் 15 முதல் 20 சதவீதம், முனைவேக விகிதம் 1-ஐ ஒட்டியே இருக்கும். அதனால் மெதுவாகச் சுற்றும், கியர் அதிகம் வேண்டும், ஒரு வாட்டுக்கு வேண்டிய உலோகமும் அதிகம். டேரியஸைக் கிளப்பிவிட நடுவில் சிறிய சவோனியஸ் சேர்ப்பது மாணவர் புராஜெக்டுகளில் வழக்கம். அதன் ஆரம் அளவுக்கு மேல் பெரிதானால், முழு வேகத்தில் அது உதவியாக இல்லாமல் பிரேக்காக மாறிவிடும். முறுக்கிய பிளேடு துடிப்பை நிச்சயம் குறைக்கும். ஆனால் அதை வார்க்கும் அச்சு செய்வது கடினம், மூன்றும் ஒரே அளவில் வராவிட்டால் கிடைத்த நன்மை போய்விடும். முதல் டர்பைனுக்கு நேர்ப் பிளேடு டேரியஸே போதும். கிளம்ப வைக்க ஜெனரேட்டரையே சில வினாடி மோட்டாராக ஓட்டுங்கள்.

அளவுகள் இப்படி இருக்கலாம்: விட்டம் 1 மீட்டர், பிளேடு உயரம் 1 மீட்டர், எண்ணிக்கை 3, அகலம் 120 மில்லிமீட்டர், வடிவம் நாகா 0018, எனவே தடிமன் 21.6 மில்லிமீட்டர். பிளேடு அகலத்தை எண்ணிக்கையால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் 0.72 வருகிறது. இந்த அடர்வில் சிறந்த முனைவேக விகிதம் 2 முதல் 2.3-க்குள் அமையும். 1 மீட்டர் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 42 சுற்று, முறுக்குவிசை 35 நியூட்டன் மீட்டர். பிளேடின் முன்விளிம்பை 2 முதல் 6 பாகை வரை வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பொருத்தினால் திறன் கூடுவது ஆய்வகங்களில் தெரிந்திருக்கிறது. எனவே இணைப்பில் நீள்துளை விட்டு, கோணத்தை மாற்றிப் பார்க்க வழி வையுங்கள். அது உங்கள் அறிக்கைக்கு நல்ல அத்தியாயமாகும்.

ஒரு பிளேடின் மேல் உச்ச விசை 1 மீட்டர் ஓட்டத்தில் 600 நியூட்டன் வரை வரலாம், ஏறத்தாழ 60 கிலோ எடை. 1.5 மீட்டரில் அது 135 கிலோ. இரு முனைகளிலும் தாங்கினால் நடுவில் வளைவு விசை மிகுதி. பிளேடை ஷாஃப்டோடு இணைக்கும் தாங்குகைகளை முனையிலிருந்து 21 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைத்தால் அதே பிளேடில் உச்ச வளைவு ஆறில் ஒரு பங்காகிறது. தாங்குகைகளை உருண்டைக் கம்பியில் செய்யாதீர்கள். தண்ணீரில் அவை இழுக்கும் இழுப்பு உங்கள் 150 வாட்டில் பெரும்பகுதியைப் பறித்துவிடும். பட்டையை எடுத்து முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பைக் கூராக்கிப் போடுங்கள். பிளேடுக்குக் கண்ணாடி நார் ஃபைபர் நல்ல தேர்வு. காசிமேட்டில் ஃபைபர் படகு செய்பவர்களிடம் ரெசின் வேலை பழகியவர்கள் கிடைப்பார்கள். உள்ளே அடர் ஃபோம் நிரப்புங்கள், இல்லையென்றால் ஊசித்துளை வழியே தண்ணீர் புகுந்து ஒரு பிளேடு மட்டும் கனத்துப்போகும். தாங்குகை வரும் இடத்தில் எஸ்.எஸ். தகடு ஒன்றை நாரோடு சேர்த்தே பதிக்க வேண்டும். வெறும் போல்ட் போட்டால் துளையைச் சுற்றி நார் கிழியும். கார்பன் நார் வேண்டாம். உப்புநீரில் அது அலுமினியத்தோடு சேர்ந்தால் அலுமினியம் கரைந்துவிடும்.

டர்பைனைத் தண்ணீர் பின்னே தள்ளும் மொத்த விசை 1 மீட்டரில் 500 நியூட்டன், 1.5 மீட்டரில் 1,150. மேலிருந்து தொங்கும் ஷாஃப்டுக்கு அந்த விசை 0.8 மீட்டர் தூரத்தில் வேலை செய்தால், 40 மில்லிமீட்டர் தண்டில் 1.5 மீட்டர் ஓட்டத்தில் அழுத்தம் 147 மெகாபாஸ்கல் ஆகிறது. உப்புநீரில், ஓயாமல் துடிக்கும் சுமைக்கு அது அதிகம். 50 மில்லிமீட்டர் தண்டு போட்டால் 75-க்கு இறங்கும், அதையே எடுங்கள். அடியில் இன்னொரு பேரிங் வைத்தால் வளைவு குறையும், ஆனால் அது சேற்றிலும் மணலிலும் வேலை செய்ய வேண்டும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பால் பேரிங் வேண்டாம், தண்ணீரே மசகாக இருக்கும் பாலிமர் புஷ் போடுங்கள். எஸ்.எஸ். 304 கடலுக்கு ஆகாது. 316 கூட வாஷருக்கு அடியிலும் இடுக்கிலும் தேங்கும் நீரில் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். வெவ்வேறு உலோகம் சேரும் இடத்தில் நைலான் புஷ்ஷும் வாஷரும், சட்டத்தில் அரிப்பைத் தானே ஏற்றுக்கொள்ளும் துத்தநாக ஆனோடும் தேவை. டர்பைனின் மேல் விளிம்பு நீர்மட்டத்துக்குக் குறைந்தது 30 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். வற்றத்திலும் அந்த ஆழம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளேடு காற்றை உறிஞ்சி, விசை சட்டென்று விழும்.

சென்னைத் தண்ணீரில் அசையாமல் கிடக்கும் எந்தப் பொருளிலும் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிற்றுயிர் ஒட்ட ஆரம்பிக்கும். தண்ணீரின் வெப்பம் வருடம் முழுக்க அதற்குச் சாதகம். உயர்த்தும் விசையை நம்பும் டேரியஸ் பிளேடுக்கு முன்விளிம்பு வழுவழுப்பாக இருப்பதுதான் உயிர். அங்கே சொரசொரப்பு வந்தால் திறன் சரியும், பிறகு கிளம்பவே கிளம்பாது. செம்பு கலந்த பெயின்ட் ஃபைபருக்குச் சரி, அலுமினியத்தின் மேல் அடித்தால் அரிப்பு வரும். வாரம் ஒருமுறை மேலே தூக்கித் துடைக்கும்படி சட்டத்தைக் கீல் வைத்துச் செய்வதுதான் நம்பகமான வழி.

ஜெனரேட்டராக மின்சைக்கிள் ஹப் மோட்டார் ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ எளிதாகக் கிடைக்கும். கியர் உள்ள வகையை வாங்காதீர்கள். அதில் ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் ஒரு பக்கம் சுற்றினால் மின்சாரமே வராது. கியர் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். 48 வோல்ட்டில் 480 சுற்று ஓடும் மோட்டார் என்றால் 10 சுற்றுக்கு ஒரு வோல்ட். 42 சுற்றை ஆறு மடங்காக்கி 252-க்குக் கொண்டுபோனால் 25 வோல்ட் வரும். 24 வோல்ட் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்ய அது போதாது, 12 வோல்ட் பேட்டரியும் வோல்ட்டேஜை இறக்கும் கன்வெர்ட்டரும் வையுங்கள். சுமை அறுந்துபோனால் டர்பைன் ஒன்றரை மடங்கு வேகத்துக்கு ஏறும், பிளேடு விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதனால் பேட்டரி நிறைந்ததும் மின்சாரத்தைத் தின்னும் ஹீட்டர் சுமை ஒன்றும், கையால் போடும் டிஸ்க் பிரேக் ஒன்றும் கட்டாயம். மூன்று ஃபேஸையும் ஷார்ட் செய்து நிறுத்துவதை மட்டும் நம்ப வேண்டாம்.

சோதனைக்கு ஓதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அசையாத நீரில் டர்பைனை இழுத்துச் செல்லுங்கள். இரண்டு ஃபைபர் படகை இரண்டரை மீட்டர் இடைவெளியில் சட்டத்தால் இணைத்து, நடுவில் டர்பைனைத் தொங்கவிட்டு, முட்டுக்காடு காயல் போன்ற இடத்தில் காற்றில்லாத அதிகாலையில் 0.8 முதல் 1.5 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஒரே காலையில் திறன் எப்படி மாறுகிறது என்ற முழு வளைகோடும் கிடைத்துவிடும். ஜிபிஎஸ் வேகத்தை இரு திசையிலும் எடுத்துச் சராசரி போடுங்கள். ஜெனரேட்டரின் உடலைச் சுழல விட்டு, அதில் பொருத்திய ஒரு நெம்புகோலை விசை அளக்கும் லோட்செல்லில் முட்டவைத்து முறுக்குவிசையை அளந்து, பல்சக்கர விகிதத்தால் பெருக்கி ஷாஃப்டுக்குக் கொண்டுபோங்கள். அப்படி வரும் எண்ணில் பல்சக்கர இழப்பு கழிந்திருக்கும், அதைத் தனியே அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் மட்டும் அளந்தால் டர்பைனின் திறனையும் ஜெனரேட்டரின் இழப்பையும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு சுமைக்கும் பத்துச் சுற்றுக்கு மேல் சராசரி எடுக்க வேண்டும். ஐஐடி மெட்ராஸின் கடல்சார் பொறியியல் துறையில் இழுவைத் தொட்டி இருக்கிறது, உங்கள் வழிகாட்டி மூலம் கேட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் சிறிய நீரோட்ட டர்பைன்களில் வேலை செய்திருக்கிறது, அவர்களிடமும் பேசுங்கள்.

கல்லூரி ஆய்வகக் கால்வாயில் சின்ன மாதிரி வைத்துச் சோதித்தால் இரண்டு பொறிகள் உண்டு. டர்பைன் கால்வாயின் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடைத்தால் தண்ணீர் விலகிப்போக இடமின்றி உள்ளேயே திணிக்கப்படும். அப்போது திறன் 50, 60 சதவீதம் என்று காட்டும், திறந்த நீரில் அது வராது. மற்றது நேர்மாறானது: பிளேடு அகலத்தையும் வேகத்தையும் பாதியாக்கினால் ஓட்டத்தின் தன்மையைக் குறிக்கும் ரெனால்ட்ஸ் எண் 3 லட்சத்திலிருந்து 80 ஆயிரத்துக்குக் கீழே விழும், திறன் உண்மையைவிட மிகக் குறைவாகத் தெரியும். இந்த இரண்டையும் அறிக்கையில் எழுதாமல் திறன் எண் மட்டும் கொடுத்தால் விவரம் தெரிந்தவர்கள் அதை ஏற்க மாட்டார்கள்.

மின்சாரமும் வேண்டும், செங்குத்து அச்சும் வேண்டும் என்றால் ஓதத்தை விட்டுவிட்டு, காங்கிரீட் பூசிய பாசனக் கால்வாய்களைப் பாருங்கள். ஒரே திசை, தெரிந்த ஆழம், கொட்டலசு கிடையாது, தண்ணீர் விடும் மாதங்களில் இரவு பகலாக ஓடும். அங்கும் நீர்வளத் துறை ஒரு கேள்வி கேட்கும்: டர்பைன் தண்ணீரைத் தடுத்தால் மேற்பக்க மட்டம் எத்தனை சென்டிமீட்டர் ஏறும்? 5 சென்டிமீட்டர் மட்ட வித்தியாசம்தான் 1 மீட்டர் வேகத்துக்குச் சமம், எனவே அந்தக் கணக்கோடு போங்கள். அனல்மின் நிலையங்களின் குளிர்நீர் வெளியேறும் கால்வாயைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அங்கே ஓட்டம் சீரானது என்பது உண்மை. ஆனால் மட்டம் ஏறி அது பம்பு வரை எட்டினால், நீங்கள் எடுக்கும் ஆற்றலைப் பம்பு மின்சாரமாகக் கட்ட வேண்டியிருக்கும். கடைசியில் தண்ணீர் அருவிபோல் விழுந்து வீணாகும் இடம் இருந்தால் மட்டும் அதில் லாபம்.

எண்ணூரிலேயே அளவெடுக்கப் போவதானால் முதலில் அங்குள்ள மீனவ ஊர் நிர்வாகிகளிடம் பேசுங்கள். முகத்துவாரம் அவர்களுக்குப் படகு போகும் வழி, இறால் பிடிக்கும் இடம். எந்த நேரத்தில் ஓட்டம் பலம், எங்கே ஆழம், எங்கே பழைய வலை சிக்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். பாட்டில் விட்டு அளப்பதற்குப் பெரிய சிக்கல் வராது. தூண் நட்டு எதையாவது நிறுத்துவதானால் அது கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும், மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் அனுமதி வேண்டும். இழுத்துச் சோதிக்கும்போதும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், படகில் கயிற்றை அறுக்கக் கத்தி ஒன்று, நீந்தத் தெரிந்த இருவர் இருக்க வேண்டும். நான் கொடுத்த விசைக் கணக்குகள் கையால் போட்டவை, முப்பது சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். சட்டத்தையும் ஷாஃப்டையும் வெட்டுவதற்கு முன் உங்கள் துறையில் இயந்திர வடிவமைப்பு கற்பிக்கும் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் தெளியும் ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை சோதனைக்கு வசதியான காலம், அதற்கு ஏற்றபடி பிளேடை வார்க்கும் அச்சு வேலையை செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.